ஒரு படி கீழே

அரசு வெளியிடும் வழிகாட்டு நெறிமுறைகளை யாரும் இலக்கியம்போல வாசிப்பதில்லை. ஆனால் ஒரு கதையிடம் நாம் கேட்கிற கேள்விகளை அவற்றிடமும் கேட்கலாம். இதில் பேசுகிறவர் யார், யாரை மனதில் வைத்துப் பேசுகிறார், யார்மேல் அவருக்குச் சந்தேகம்? மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்லூரிகள் செய்யவேண்டிய உதவிகளைப் பற்றிய விவாதம் எப்போதும் சாய்தளம், லிப்ட், உதவித்தொகை என்று நின்றுவிடுகிறது. எனக்கு அவை முக்கியமில்லை என்றில்லை. ஆனால் ஒரு மாணவனின் மதிப்பெண் தீர்மானமாகிற இடம் தேர்வு அறை. அங்கே அவனுக்குத் தரப்படுகிற உதவி ஒரு மனிதர். அந்த மனிதரைப் பற்றி அரசு எழுதிய ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் இங்கே வாசிக்கப் போகிறேன்.

தமிழ்நாட்டுத் தேர்வு அறிவிப்புகளில் அவருக்குப் பெயர் ‘சொல்வதை எழுதுபவர்’. மாணவர்கள் சொல்வது ‘ஸ்க்ரைப்’. பார்வையற்றவர், கை இயங்காதவர் வாயால் சொல்லும் விடையை இவர் கையால் எழுதுவார். 2018 ஆகஸ்ட் 29 அன்று மத்தியச் சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை, மாணவர் தன் ஆளைத் தானே அழைத்துவந்தால் அவருடைய கல்வித் தகுதி மாணவரின் தகுதியைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றது. தேர்வு நடத்தும் அமைப்பே ஆள் கொடுத்தாலும் அவர் அந்தத் தேர்வுக்கான குறைந்தபட்சத் தகுதியைத் தாண்டியவராக இருக்கக் கூடாது என்றது. பத்தாம் வகுப்புக்குக் குறைந்தவராகவும் இருக்கக் கூடாது என்றது.

இதற்கு முன்னால், 2013 பிப்ரவரி 26 அன்று இதே அமைச்சகம் இதே பொருளில் ஒரு நெறிமுறை வெளியிட்டிருந்தது. அதில் நேர் எதிரான வாக்கியம் இருந்தது. எழுதுபவருக்குக் கல்வித் தகுதி, மதிப்பெண், வயது என்று எந்த வரம்பும் வைக்காதீர்கள். முறைகேடு நடக்கும் என்று பயமாக இருந்தால் கண்காணிப்பைப் பலப்படுத்துங்கள் என்றது அது. ஐந்தரை வருஷத்தில் ஒரே மேசையிலிருந்து இரண்டு வாக்கியங்கள். நான் ஆசிரியன், விடைத்தாள் திருத்துகிறவன். இரண்டில் எது நல்ல உரைநடை என்று கேட்டால் தயங்காமல் முதலாவதைச் சொல்வேன். அது பிரச்சினையை அறையில் வைக்கிறது, கண்காணிப்பாளரின் வேலையில் வைக்கிறது. இரண்டாவது அதை எழுதுபவரின் தலைக்குள் வைக்கிறது. தெரியாதவன் ஏமாற்ற மாட்டான் என்பது அதன் தர்க்கம்.

நமக்குத் தெரிந்த முதல் ஸ்க்ரைப் பிள்ளையார். வியாசர் சொல்லச் சொல்ல மேரு மலையில் தந்தத்தை ஒடித்து எழுதினார் என்பது நம்மூர்க் கதை. (பூனாவில் பண்டார்க்கர் நிறுவனம் வெளியிட்ட செம்பதிப்பு இந்த நிகழ்ச்சியை மூலத்தில் சேர்க்கவில்லை. அதனால் கதைக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.) அந்தக் கதையில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. நடுவில் நிறுத்தாமல் சொல்ல வேண்டும் என்பது பிள்ளையாரின் நிபந்தனை. பொருள் புரியாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது என்பது வியாசரின் நிபந்தனை. கதைசொல்லி இதை வியாசரின் தந்திரமாகச் சொல்வார். கடினமான சுலோகம் ஒன்றைப் போட்டுவிட்டு, பிள்ளையார் யோசிக்கிற நேரத்தில் இவர் அடுத்ததைக் கட்டிக்கொள்வாராம். எனக்கு அது தந்திரமாகப் படவில்லை. சொல்லி எழுதவைக்கிற எவருக்கும் தேவையான அடிப்படை அது. 2018 வாக்கியம் வியாசரின் நிபந்தனையைத் தலைகீழாக்கிவிட்டது: புரிந்தவர் எழுதக் கூடாது.

இதை நான் தூரத்திலிருந்து சொல்லவில்லை. நான் பார்வையற்றவன். இளங்கலைத் தமிழை 2013 நெறிமுறையின் கீழும், முதுகலைத் தமிழை 2018 நெறிமுறையின் கீழும் எழுதினேன். இளங்கலையில் எனக்கு எழுதியவர் அதே துறையில் முதுகலை படித்த ஓர் அக்கா. முதுகலை இரண்டாம் பருவத்தில் புது விதி எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. (வசதி செய்து கொடு என்கிற ஆணை வந்து சேர வருஷக்கணக்கில் ஆகும். தடுத்து நிறுத்து என்கிற வரி மட்டும் எப்படியோ சீக்கிரம் வந்துவிடும்.) கல்லூரி அதோடு தன் பங்குக்கு ‘வேறு துறையாக இருக்க வேண்டும்’ என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. எனக்குக் கிடைத்தது பி.காம். முதலாண்டுப் பெண். நல்ல பிள்ளை, ஆங்கில வழியில் படித்தது. முதல் தேர்வு இலக்கணம்.

“வலி மிகும் இடங்கள்” என்றேன்.

“எந்த ‘லி’ண்ணா? பாதைக்கு வர்ற வழியா?”

“இல்லம்மா, நோவு வலி. சின்ன ல.”

“இலக்கணத்துல எதுக்குண்ணா நோவு?”

சிரிப்புதான் வந்தது. ஆனால் கடிகாரம் ஓடுகிறது. வல்லினத்தைத்தான் வலி என்கிறோம் என்று அவளுக்கு விளக்க முடியாது. விளக்கினால், “என்னப்பா அங்க பேச்சு?” என்று வாசலிலிருந்து குரல் வரும். அளபெடை, குற்றியலுகரம், ஆகுபெயர் என்று ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொன்னேன். ‘அளபெடை’யைச் சொல்ல எனக்கு வேண்டியது ஒரு நொடி. அவள் எழுதி முடிக்க அரை நிமிஷம். இதில் போனது நேரம் மட்டுமில்லை. பார்க்கிறவர்கள் எழுதும்போது கண் முந்தைய வரிக்குப் போய்விட்டு வரும். எனக்குப் பின்னால் போக வழி கிடையாது, வாக்கியம் முழுவதையும் தலையில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் ஒரு சொல்லுக்கு நான்கு எழுத்து சொல்லிவிட்டுத் திரும்பினால் எங்கே விட்டேன் என்பது போய்விடும். அப்புறம் என்ன செய்வோம்? சின்ன வாக்கியமாகச் சொல்வோம். எழுதுகிறவளுக்குத் தெரிந்த சொல்லாகத் தேர்ந்தெடுப்போம். ‘ஒருபுறம் இப்படி இருந்தாலும்’ என்று தொடங்கும் வாக்கியங்களைக் கைவிடுவோம். முதுகலை மாணவனின் விடை ஒரு பன்னிரண்டாம் வகுப்பு விடையாக இறங்கிவிடும். விதியில் இருந்த அந்த ‘ஒரு படி கீழே’ எழுதுபவரின் தகுதியோடு நிற்பதில்லை. விடையும் அந்தப் படிக்கு இறங்குகிறது. இதை எந்தத் தணிக்கை அறிக்கையும் பிடிக்காது. திருத்துகிறவர் கையில் இருப்பது எழுத்துப் பிழைகள் மலிந்த, யோசனை குறைந்த ஒரு விடைத்தாள். “பாவம், இவங்களால இவ்வளவுதான் முடியும்” என்று நாலு மதிப்பெண் கூடப் போடுவார். அந்த நாலு மதிப்பெண்தான் எனக்கு எரிச்சல்.

எதிர்த்தரப்பின் பயத்தைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். புரிந்து எழுதுகிறவரின் பேனா சில இடங்களில் நிற்கும். நாம் ஆண்டை மாற்றிச் சொன்னால், ஆசிரியரை மாற்றிச் சொன்னால், ஒரு கணம் தாமதிக்கும். காதுள்ளவனுக்கு அந்தத் தாமதம் கேட்கும். அது உதவியா என்றால், ஒருவகையில் உதவிதான். ஆனால் அதைத் தடுக்கப் பட்டம் ஒரு அளவுகோலா? வரலாற்றில் ஆர்வமுள்ள பிளஸ் டூ பையன், ஆர்வமே இல்லாத எம்.ஏ.வைவிட அதிகம் அறிந்திருப்பான். ஏமாற்ற நினைக்கிற ஆள் அந்தப் பையனைத் தேடிப் பிடித்துவிடுவான். நேர்மையாக எழுத வந்தவன்தான் சான்றிதழ் பொருந்தும் ஆளைத் தேடித் தேர்வுக்கு முதல்நாள் இரவு வரை போன் போட்டுக்கொண்டிருப்பான். ஒவ்வொரு பருவமும் வாட்ஸப் குழுக்களில் ‘நாளைக்குக் காலை ஒன்பதரைக்கு ஒரு ஸ்க்ரைப் வேண்டும், டிகிரி முடித்தவர் வேண்டாம்’ என்று செய்தி வரும். டிகிரி முடித்தவர்களுக்குத்தான் உதவ நேரமும் மனமும் இருக்கிறது; அவர்கள் வரக் கூடாது. வரக்கூடிய மாணவர்களுக்கு அதே நாளில் அவர்களுடைய தேர்வு.

புரியாமல் வேலைசெய்யும் உதவியாளர் என்கிற யோசனை புதிதில்லை. பார்வை போன பிறகு மில்டன் தன் மகள்களை லத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் சத்தமாக வாசிக்கப் பழக்கினார். பொருள் தெரியாமல், உச்சரிப்பு மட்டும். அவருடைய சகோதரி மகன் எட்வர்ட் பிலிப்ஸ் 1694 இல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் இது இருக்கிறது. மூத்த மகளுக்கு மட்டும் விலக்கு; உடல் ஊனமும் திக்கும் பேச்சும் காரணம். ஒரு மாற்றுத்திறனாளி தந்தை, ஒரு மாற்றுத்திறனாளி மகள், ஒரே வீட்டில். பெருங்காவியத்தைப் படிக்கும்போது நாம் தந்தையை நினைக்கிறோம். எனக்கு நினைவில் நிற்பது புரியாத மொழியை மணிக்கணக்கில் வாசித்து வெறுத்துப்போன இளைய பெண்கள். எங்கள் பி.காம். பெண்ணின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். மூன்று மணி நேரத் தேர்வு எனக்கு நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் அவளுக்குப் புரியாத மொழியில் கை வலிக்க எழுதுவதுதான்.

நம்மிடம் வேறொரு மரபும் உண்டு. இரட்டைப் புலவர்கள். ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்குக் கால் இல்லை. கண் இல்லாதவர் தோளில் கால் இல்லாதவர் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஒருவர் பாதி வெண்பா பாட மற்றவர் முடித்துவைப்பார் என்பது வழக்கு. பாதியில் விட்டதை எடுத்து முடிக்க, விட்டவரின் மனம் புரிந்திருக்க வேண்டும். தில்லைக் கலம்பகத்தைப் படிக்கிற யாரும் இதில் எந்தப் பாதி யாருடையது, முறைகேடு நடந்ததா என்று கேட்டதில்லை. தேர்வு அப்படி நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, தேர்வு தனியாள் காரியம். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு வாக்கியத்தை உருவாக்குவது என்றாலே திருட்டு என்று எண்ணத் தொடங்கியது எப்போது என்று யோசிக்கலாம்.

உச்ச நீதிமன்றம் இந்த எண்ணத்தைச் சரியாகவே வாசித்தது. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரி 11 அன்று வந்த தீர்ப்பு அது. எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் நரம்புக் கோளாறு உள்ளவர் அவர். குடிமைப் பணித் தேர்வுக்கு ஸ்க்ரைப் கேட்டார்; பார்வையற்றோருக்கும் கை கால் இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம் உள்ளோருக்கும் மட்டுமே என்று மறுத்தார்கள். நாற்பது சதவீதச் சான்று இருந்தால்தான் எழுதுபவர் கிடைப்பார் என்பதில்லை என்றது நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு. முறைகேடு நடக்கும் என்ற வாதத்துக்கு அதில் வரும் பதில் இன்னும் முக்கியம். மாற்றுத்திறனாளி ஒவ்வொரு நாளும் தன் குறையை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிற பார்வையிலிருந்துதான் அந்தச் சந்தேகமே பிறக்கிறது என்று அது சொன்னது. நல்ல வாசிப்பு. ஆனால் எழுதுபவர் என்ன படித்திருக்க வேண்டும் என்பது அந்த வழக்கின் கேள்வி இல்லை. அதனால் சந்தேகத்தை வேரோடு காட்டிய தீர்ப்பு, அந்தச் சந்தேகம் காய்த்த வாக்கியத்தைத் தொடாமலே முடிந்தது.

நெறிமுறையைத் திட்டிக்கொண்டே இருப்பது நியாயமில்லை. அதில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. இரண்டு பதிப்பிலும் இருக்கிறது. ‘கூடுதல் நேரம்’ என்று சொல்லாதீர்கள், ‘ஈடுசெய்யும் நேரம்’ என்று சொல்லுங்கள். மணிக்கு இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் கொடுங்கள் என்கிற வரி. ஒரு சொல்லை மாற்றச் சொல்லி அரசு உத்தரவிடுவது அபூர்வம். கூடுதல் என்றால் சலுகை, ஈடு என்றால் பறிபோனதைத் திருப்பித் தருவது. எழுதினவருக்கு மொழி தெரிந்திருக்கிறது. ஆனால் மணி அடித்ததும், “எக்ஸ்ட்ரா டைம்காரங்க மட்டும் இருங்க, மத்தவங்க கிளம்புங்க” என்றுதான் இன்றைக்கும் சத்தம் கேட்கிறது. இவ்வளவு சொல்லுணர்வுள்ள ஒரு ஆவணம் ‘கீழே’ என்ற சொல்லை எப்படிக் கவனிக்காமல் விட்டது?

அதே நெறிமுறையில் யாரும் பயன்படுத்தாத வாசல்களும் இருக்கின்றன. மாணவன் கணினியில் எழுதலாம், பிரெய்லில் எழுதலாம். என்.வி.டி.ஏ. என்கிற திரை வாசிப்பான் இலவசம். தமிழையும் வாசிக்கும், இயந்திரக் குரல்தான், பழகிவிடும். கணினியில் எழுதினால் ல, ள, ழ எனக்கே தெரியும். யாரும் கேட்டு எழுத வேண்டாம், பட்டம் பார்க்க வேண்டாம், சந்தேகப்பட வேண்டாம். நான் ஒருமுறை கேட்டபோது, “ஒருத்தருக்காக லேப்பைத் திறக்கணும்னா கரண்டு, ஸ்டாப் எல்லாம் யார் பாக்குறது?” என்றார்கள். காப்பி அடிப்பான் என்ற பயம்கூட அதில் இல்லை. வெறும் சோம்பல். சந்தேகத்தோடு வாதாடலாம், சோம்பலோடு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாக எழுதுபவரைச் சந்திக்கலாம் என்றும் 2018 நெறிமுறை சொன்னது. 2013 இல் அது ஒரு நாள். நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் இப்போது அந்த இரண்டு நாளை விடாமல் வாங்கிவிடுகிறோம். பாடம் பேசுவதில்லை. மாணவன் மேசையில் ஒரு தட்டு தட்டினால் ல, இரண்டு தட்டினால் ள, மூன்று தட்டினால் ழ. ர, ற, ன, ண எல்லாவற்றுக்கும் இதுபோல ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். பத்தி பிரிக்கக் கையை உயர்த்துவது, கடைசி வரியை வாசிக்கச் சொல்ல விரலை மடக்குவது என்று ஒரு சிறிய மொழியே உருவாகியிருக்கிறது. போன பருவத்தில் ஒரு கண்காணிப்பாளர் அந்தத் தட்டலைக் கேட்டுவிட்டு, ஏதோ சங்கேதம் நடக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விளக்கக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அந்த மாணவனின் தொல்காப்பியத் தாள் முடிவு இன்னும் வெளியாகவில்லை.