இருபத்தேழு நாள் பார்வை

ஊட்டியில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு வடகிழக்கு வந்துவிடும். மிஞ்சும் இரவுகளிலும் மூடுபனி பங்கு கேட்கும். முத்தோரையில் 1970-இல் எழுந்த 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கிக்கு இது பொருட்டல்ல. ரேடியோ அலைகள் மேகத்தைக் கடந்து வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை நம்பியவருக்கு இந்த மலை ஆகாது. இன்றோ, விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவு இலவசம். குன்னூரில் அடைமழை பெய்தாலும், ஒரு மாணவர் விண்மீனின் ஒளி ஏறி இறங்குவதை மடிக்கணினியில் வரைந்துவிடலாம்.

வசதி மட்டுமல்ல லாபம். ஆர்ஆர் லைரே என்னும் விண்மீன் சுமார் 13.6 மணி நேரத்துக்கு ஒருமுறை பொங்கி அடங்கும். ஓர் உச்சம் இரவில் வந்தால் அடுத்தது பகலில் போய்விடும். தரையில் ஒரே இடத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுவிட்டு ஒன்றுதான் கிடைக்கும். நூறாண்டுக்கு மேல் கவனித்தும் தப்பிய ஒரு செய்தி, 2010-இல் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் சிக்கியது: சில காலங்களில் ஓர் உச்சம் உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும் மாறிமாறி வருகின்றன. பழையவர்களைக் குறைசொல்ல முடியாது. பூமியின் சுழற்சியே அவர்கள் கண்ணைக் கட்டியிருந்தது.

ஆனால் இந்தக் கூர்மைக்குப் பொறுமை கிடையாது. 2018-இல் ஏவப்பட்ட டெஸ் விண்வெளித் தொலைநோக்கி வானத்தைத் துண்டு போட்டு, துண்டுக்குச் சுமார் 27 நாள் பார்க்கிறது. சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் கண்டறிந்த ஆர் ரெட்டிகுலி என்னும் விண்மீன் ஏறி இறங்கி ஒரு சுற்று முடிக்க ஒன்பது மாதம் ஆகும். அந்த வகை விண்மீனின் ஒரு துண்டுத் தரவில் வெறும் சரிவுதான் தெரியும். துண்டுகளை ஒட்டலாம், ஆனால் கருவியின் தடுமாற்றத்தைத் துடைக்கும் மென்பொருள், விண்மீனின் சொந்த மாற்றத்தையும் சேர்த்தே துடைத்துவிடக்கூடும். சுத்தமான வரைபடம் என்று மாணவர் மகிழ்வார்!

இன்னொரு வில்லங்கம்: டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானில் 21 விகலை அகலம். பக்கத்து விண்மீனின் ஒளியும் அதற்குள் விழும். துடிப்பது எது என்று ஆள் மாறிப் போகும். அதைத் தீர்க்க, காவலூரில் இருப்பதுபோன்ற தரைத் தொலைநோக்கியின் கூரிய படம் வேண்டும்.

கருவியைவிட, அதைக் கையாளும் பழக்கம்தான் என்னை உறுத்துகிறது. மாணவர்கள் தயாராக இறங்கும் ஒளிவரைபடத்தை மென்பொருளில் ஊற்றி, அது துப்பும் கால அளவை அப்படியே எழுதிவிடுகிறார்கள். மூலப் பிக்சல்களைத் திறந்து பார்க்காத, அண்டை விண்மீனைச் சரிபார்க்காத ஆய்வேட்டை வழிகாட்டிகள் திருப்பி அனுப்ப வேண்டும்.