சால்ட் தொலைக் கணினி மேலாண்மை மென்பொருள் – ஒரு திறனாய்வு

சால்ட் என்பது பல கணினிகளை ஓரிடத்திலிருந்து நிருவகிக்க உதவும் திறந்த மூல மென்பொருள் ஆகும். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இதனைத் தாமஸ் ஹேட்ச் 2011-இல் வெளியிட்டார். இதனை வளர்த்தெடுத்த சால்ட்ஸ்டாக் நிறுவனத்தை 2020-இல் விஎம்வேர் வாங்கியது. இவ்வகை மென்பொருள்களைப் பற்றிய அறிமுகங்கள் பலவும், தகவல் பரிமாற்றம் மறைகுறியாக்கப்படுவதால் அவை பாதுகாப்பானவை என்று கூறி முடித்துவிடுகின்றன. சால்ட்டின் வடிவமைப்பையும் வரலாற்றையும் பார்த்தால் இந்த முடிவு போதாது என்பது தெரியும்.

செயல்படும் முறை

கட்டளையிடும் கணினி இதில் ‘மாஸ்டர்’ எனப்படுகிறது. நிருவகிக்கப்படும் ஒவ்வொரு கணினியிலும் ‘மினியன்’ என்னும் முகவர் நிரல் இயங்குகிறது. மினியன் முதன்முறை தொடங்கும்போது தனக்கென ஓர் ஆர்.எஸ்.ஏ. திறவி இணையை உருவாக்கி, பொதுத் திறவியை மாஸ்டருக்கு அனுப்புகிறது. நிருவாகி அதனை ஏற்றபின், ஏ.இ.எஸ். திறவி ஒன்றை மாஸ்டர் மறைகுறியாக்கி மினியனுக்குத் தருகிறது. பிந்தைய பரிமாற்றங்கள் அந்தத் திறவியால் பூட்டப்படுகின்றன.

மாஸ்டரில் 4505, 4506 ஆகிய இரு துறைகள் திறந்திருக்கும். மினியன்களே மாஸ்டரை நோக்கி இணைப்பை ஏற்படுத்துவதால், அவற்றில் எந்தத் துறையையும் திறக்கத் தேவையில்லை. ஒரே கட்டளையை ஆயிரக்கணக்கான கணினிகளுக்குச் சில நொடிகளில் அனுப்ப முடிவது இதன் பெரும் நிறை. ஒவ்வொரு வழங்கியிலும் தனித்தனியே நுழைந்து இற்றைப்படுத்திய நிருவாகிகளுக்கு இது பெரிய விடுதலையாக அமைந்தது.

மறைகுறியாக்கத்தில் உள்ள குறைகள்

முதல் குறை தொடக்கக் காலத்தது. ஆர்.எஸ்.ஏ. முறையில் செய்தி, எண்ணாக மாற்றப்பட்டு ஓர் அடுக்குக்கு உயர்த்தப்படுகிறது. அந்த அடுக்கெண்ணாகப் பொதுவாக 65537 பயன்படும். சால்ட்டின் பழைய பதிப்புகளில் அது 1 என இருந்தது. எந்த எண்ணையும் 1 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் அதே எண்தான் கிடைக்கும். ஆகவே அங்கே பூட்டு என்ற பெயர் மட்டுமே இருந்தது. 2013-இல் இது திருத்தப்பட்டது. பழைய திறவிகளை எல்லாம் நீக்கிப் புதியன உருவாக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது குறை வடிவமைப்பைச் சார்ந்தது. மாஸ்டர் தரும் ஏ.இ.எஸ். திறவி எல்லா மினியன்களுக்கும் பொதுவானது. கட்டளை இயல்பாக எல்லோருக்கும் ஒலிபரப்பப்படுகிறது. தனக்குரியதா என்பதை மினியனே பார்த்து முடிவு செய்கிறது. எனவே ஒரு மினியனைக் கைப்பற்றியவர், மற்றவற்றுக்குச் செல்லும் கட்டளைகளையும் படிக்க இயலும். கடவுச்சொல் போன்ற மறைபொருள்களுக்காக, அந்தந்த மினியனின் பொதுத் திறவியால் தனியே பூட்டப்படும் ‘பில்லர்’ என்ற வசதி உள்ளது. அதை விட்டுக் கட்டளையிலேயே கடவுச்சொல்லை எழுதுவது ஆபத்தானது.

2020 நிகழ்வு

2020 ஏப்ரல் இறுதியில் எஃப்-செக்யூர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சால்ட்டின் இரு பாதுகாப்பு ஓட்டைகளை வெளிப்படுத்தினர். அடையாளம் இன்னும் உறுதிசெய்யப்படாத கணினிகள் முதல் தொடர்பின்போது அழைப்பதற்காக மாஸ்டரில் சில செயற்கூறுகள் திறந்திருந்தன. வெளியாருக்கு எட்டக் கூடாத செயற்கூறுகளும் அதே வழியில் அழைக்கக் கூடியனவாக இருந்தன. அவற்றின் மூலம் மாஸ்டரின் முதன்மைத் திறவியைப் பெற்று, எல்லா மினியன்களிலும் உச்ச அதிகாரத்துடன் கட்டளைகளை இயக்க முடிந்தது. இங்கே எவரும் மறைகுறியாக்கத்தை உடைக்கவில்லை. தாக்குநரின் கட்டளைகள் நிருவாகியின் கட்டளைகளைப் போலவே முறையாகப் பூட்டப்பட்டு மினியன்களைச் சென்றடைந்தன.

இணையத்திற்கு நேரே திறந்திருந்த மாஸ்டர்கள் 6,000-க்கும் மேற்பட்டவை எனக் கண்டறியப்பட்டது. திருத்தம் வந்த சில நாட்களுக்குள் லீனியேஜ் ஓ.எஸ்., கோஸ்ட், டிஜிசெர்ட் ஆகியவற்றின் வழங்கிகள் தாக்கப்பட்டன. கோஸ்ட் வழங்கிகளில் மறையீட்டு நாணயம் தோண்டும் நிரல் இயக்கப்பட்டது. செயலிகளின் சுமை திடீரெனக் கூடியதே தாக்குதலைக் காட்டிக்கொடுத்தது. டிஜிசெர்ட்டின் சான்றிதழ் பதிவேடு ஒன்றின் கையொப்பத் திறவி பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்டது. லீனியேஜ் ஓ.எஸ். தன் கையொப்பத் திறவிகளை முதன்மைக் கட்டமைப்பிலிருந்து பிரித்து வைத்திருந்ததால் அவை தப்பின. மூன்று நிகழ்வுகளில் கற்கத் தக்கது இதுவே: மாஸ்டரின் கை எட்டாத இடத்தில் இருந்தது பிழைத்தது.

மாற்று வடிவங்கள்

மார்க் பர்கெஸ் 1993-இல் உருவாக்கிய சி.எஃப்.எஞ்சின், ஒவ்வொரு கணினியும் கொள்கையைத் தானே பெற்றுச் செயல்படுத்தும் தன்னாட்சி முறையைக் கொண்டது. 2005-இல் வந்த பப்பெட் மென்பொருளிலும் முகவரே, இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை, வழங்கியைக் கேட்கிறது. இவற்றில் சால்ட்டின் வேகம் கிடைக்காது. தவறான கட்டளை பரவுவதும் சற்றே தாமதமாகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்து நிறுத்த வாய்ப்புண்டு. 2012-இல் வந்த அன்சிபிளில் முகவரே இல்லை, எஸ்.எஸ்.எச். வழியாகச் செயல்படுகிறது. ஆயினும் அதனை இயக்கும் கணினியில் எல்லா வழங்கிகளின் திறவிகளும் இருக்குமானால் ஆபத்தின் இடம் மாறுகிறதே தவிர, ஆபத்து நீங்குவதில்லை.

மதிப்பீடு

மறைகுறியாக்கம், வழியில் ஒட்டுக் கேட்பவரைத் தடுக்கிறது. கட்டளையிடுபவர் உரிமையுள்ளவரா, கட்டளை நியாயமானதா என்ற கேள்விகளுக்கு அது விடை தருவதில்லை. சால்ட் வேகமும் வசதியும் மிக்க நல்ல கருவிதான். அதன் வலிமையும் பலவீனமும் ஒரே இடத்தில், மாஸ்டரில், குவிந்துள்ளன. மாஸ்டரைப் பொது இணையத்திற்குத் திறக்காமல் இருத்தல், அதன் கைரேகையை மினியன்களில் முன்கூட்டியே பதிந்து வைத்தல், காப்பு நகல்களையும் கையொப்பத் திறவிகளையும் அதற்கு எட்டாமல் வைத்தல் ஆகிய மூன்றும் இல்லாத நிறுவலில், எத்தனை வலிய பூட்டு இருந்தாலும் அனைத்துக் கதவுகளின் சாவியும் ஒரே ஆணியில்தான் தொங்குகிறது.