பிறருள்ளம் உண்டா?
இரத்தினகீர்த்தியின் மறுப்புப் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

தன் உள்ளம் ஒன்றே உண்மையில் உளது, ஏனைய மாந்தரும் உலகும் அதனுள் எழும் தோற்றங்களே என்னும் கொள்கையை மேனாட்டு மெய்யியலாளர் சொலிப்சிசம் என்பர். இக்கட்டுரையில் அது தன்னுளவாதம் எனக் குறிக்கப்படுகின்றது. முற்போக்குச் சிந்தனையிற் பயின்ற நம்மிற் பலருக்கு இது ஆராய்தற்குரிய நிலைப்பாடாக அன்றி, எதிராளியை வீழ்த்த உதவும் ஒரு பெயராகவே அறிமுகமாயிற்று. 1909இல் வெளிவந்த ‘பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமர்சனமும்’ என்னும் நூலில் லெனின், மாக், அவெனாரியஸ் ஆகியோரின் கொள்கைகளை முடிவுவரை இட்டுச் சென்றால் அவை தன்னுளவாதத்திலேயே சென்றடையும் எனக் காட்டினார். அவ்வாறு காட்டியதோடு வாதம் முடிந்தது என நாம் எண்ணிக்கொண்டோம். ஆனால் அதே நூலில் லெனின் திதரோவின் கருத்தொன்றையும் எடுத்தாள்கின்றார். இத்தகைய கொள்கை யாவற்றிலும் அபத்தமானது, எனினும் எதிர்த்து வெல்வதற்கு யாவற்றிலும் கடினமானது என்பதே அக்கருத்து. இதன் முற்பாதியை நினைவிற் கொண்ட நாம் பிற்பாதியை மறந்துவிட்டோம்.

அப்பிற்பாதியின் கனதியை உணர்வதற்கு ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. 11ஆம் நூற்றாண்டில் விக்கிரமசீல விகாரையைச் சார்ந்திருந்த பௌத்த அளவையியலாளரான இரத்தினகீர்த்தி, ‘சந்தானாந்தர தூஷணம்’ என்றொரு சிறு நூல் இயற்றினார். தன் உளத்தொடருக்கு அப்பாற் பிற உளத்தொடர்கள் உள என்பதை மறுப்பதே அதன் நோக்கம். பன்னூற்றாண்டுகள் மறைந்திருந்த அவரது நூல்களின் சமஸ்கிருத மூலங்களை 1930களில் திபெத்திய மடாலயங்களிலிருந்து வெளிக்கொணர்ந்தவர் ராகுல சாங்கிருத்தியாயன். அனந்தலால் தாக்கூர் அவற்றைப் பதிப்பிக்க, 1957இல் பட்னாவிலிருந்து வெளிவந்தன. ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ நூலின் ஆசிரியராகவே சாங்கிருத்தியாயனைத் தமிழ் வாசகர் அறிவர். களனி வித்தியாலங்காரப் பிரிவெனாவிற் பாளி கற்றுச் சமஸ்கிருதம் கற்பித்தவர் அவர். பின்னர் 1959இல் வித்தியாலங்காரப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பிக்கவும் இந்நாட்டுக்கு வந்தார். பொதுவுடைமையாளர் ஒருவர் அரிதின் முயன்று மீட்டுத் தந்த நூலைப் பொதுவுடைமை சார்ந்த நாம் படிக்காது விட்டமை வருந்தத்தக்கது.

இரத்தினகீர்த்தி எதிர்த்தது புறச்சமயத்தார் எவரையும் அன்று. தம் மரபின் பேராசானாகிய தர்மகீர்த்தியின் வாதத்தையே. 7ஆம் நூற்றாண்டினர் எனப் பொதுவாகக் கொள்ளப்படும் தர்மகீர்த்தி ‘சந்தானாந்தர சித்தி’ என்னும் நூலிற் பிறருள்ளம் உண்டென நிறுவ முயன்றார். அந்நூல் திபெத்திய மொழிபெயர்ப்பிலேயே எஞ்சியுள்ளது. ஷெர்பாற்ஸ்கி 1922இல் அதனை ருஷ்ய மொழியில் வெளியிட்டார். தர்மகீர்த்தியின் வாதம் எளிமையானது. நான் பேசுவதற்கும் கையசைப்பதற்கும் முன்னர் என்னுள் ஓர் எண்ணம் எழுவதை நான் அறிவேன். என் எண்ணம் ஏதுமின்றியே பேச்சும் அசைவும் எனக்குத் தோன்றும்போது, அவற்றுக்குக் காரணமான எண்ணம் வேறோர் உள்ளத்தில் எழுந்திருத்தல் வேண்டும். புகையைக் கண்டு நெருப்பை அநுமானிப்பது போன்றதே இதுவும். (மணிமேகலையின் தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதையைப் பயின்றோருக்கு இவ்வநுமான முறை புதிதன்று.) 1865இல் ஜோன் ஸ்ருவாட் மில் ஹமில்ரனின் மெய்யியலை ஆராய்ந்து எழுதிய நூலில் ஏறத்தாழ இதே வாதத்தை முன்வைத்தார். பாடநூல்கள் மில்லின் பெயரை மட்டுமே கூறுதல் வழக்கம்.

தர்மகீர்த்திக்கு இது வெறும் அறிவுப் பயிற்சி அன்று. புறப்பொருள் இல்லை, அறிவின் தோற்றமே உண்டு எனக் கொள்ளும் விஞ்ஞானவாதத்தின் தளத்தில் நின்றே அவர் இவ்வாதத்தை நடத்துகின்றார். பிற உயிர்கள் இல்லையேல் எவர் பொருட்டுக் கருணை? போதிசத்துவர் எவரைக் கரையேற்றுவார்? உலகைத் தோற்றமாக்கிய பின்னும் துயருறும் பிறரை விட்டுவிடாதிருக்க வேண்டிய நெருக்கடி அவருக்கிருந்தது.

இரத்தினகீர்த்தி இந்நெருக்கடியைச் சற்றும் பொருட்படுத்தவில்லை. அநுமானத்தின் வேரிலேயே அவர் கைவைக்கின்றார். பேச்சுக்குக் காரணமென நீர் கூறும் எண்ணம் எத்தகையது? என்னாற் காணத்தக்க என் எண்ணமாயின், பிறர் பேச்சின்போது அது என்னிடம் இல்லை என்பதை நான் நேரே அறிவேன், அநுமானத்துக்கு இடமில்லை. அன்றி, என்னால் ஒருபோதும் காணவியலாத எண்ணத்தையும் உள்ளடக்கிய பொதுவானதோர் எண்ணமாயின், அது இல்லாதவிடத்துப் பேச்சும் இல்லை என்பதை நான் எவ்வாறு அறிந்தேன்? மலையில் மறைந்துள்ள நெருப்பை நான் அருகே சென்று காணலாம். அடுக்களையில் நெருப்பு இல்லாதபோது புகையும் இல்லாமையை முன்னரே கண்டிருக்கின்றேன். காணும் தகுதியே அற்ற ஒன்றின் இன்மையைக் கண்டறிதல் இயலாது. இன்மையை அறியாதவிடத்துக் காரண காரியத் தொடர்பும் நிலைபெறாது.

என் கருத்தில் இம்மறுப்பு முழுமையானது. ஓர் உதாரணத்தைக் கொண்டு, அதுவும் என் ஓர் உள்ளத்தை மட்டுமே கொண்டு, எண்ணற்ற மாந்தருக்கு உள்ளம் வழங்கும் ஒப்புமை வாதம் இதன் முன் நில்லாது. எட்டு நூற்றாண்டுகளின் பின் வந்த மில்லும் இதற்கு விடை கூறவில்லை.

இவ்விடத்தில் மார்க்ஸியர் ஒருவருக்கு எளிதில் தோன்றும் விளக்கமொன்று உண்டு. விக்கிரமசீலம் பாலப் பேரரசர் ஆதரவிற் செழித்த நிறுவனம். உழைப்பிலிருந்து விலகி, பிறர் விளைத்த நெல்லை உண்டு வாழ்ந்த துறவிக்கு அப்பிறர் தோற்றமாகத் தெரிந்ததில் வியப்பென்ன என்பது அவ்விளக்கம். கவர்ச்சியானதுதான், ஆயினும் பயனற்றது. பிறருள்ளத்தை நிறுவிய தர்மகீர்த்தியும் அத்தகைய துறவு வாழ்வினரே. ஒரே அடித்தளத்திலிருந்து இரு மாறுபட்ட முடிவுகள் பிறக்குமாயின், அவற்றுள் எது சரியென்பதை அடித்தளத்தைச் சுட்டித் தீர்த்தல் இயலாது. ஒரு கருத்தின் பிறப்பிடத்தைக் கூறுவதும் அதன் பிழையைக் காட்டுவதும் வெவ்வேறு பணிகள்.

பிழை இரத்தினகீர்த்தியின் இரண்டாம் வாதத்தில்தான் வெளிப்படுகின்றது. பிறருள்ளம் உண்டாயின் அதற்கும் என் உள்ளத்துக்கும் வேறுபாடு இருத்தல் வேண்டும். அவ்வேறுபாடு என் உள்ளம் அறியப்படும்போதே அறியப்படுதல் வேண்டும். ஆனால் எதிலிருந்து வேறுபடுகின்றது என்பதை அறியாமல் வேறுபாட்டை அறிதல் இல்லை; பிறருள்ளமோ அறியப்படவில்லை. எனவே வேறுபாடில்லை, எல்லையுமில்லை என முடிக்கின்றார். இவ்வாதத்தை அப்படியே ஏற்போம். எல்லை இல்லையாயின் ‘என்’ உள்ளம் என்பது யாது? பிறருடையது என்பதைப் போக்கிய அதே வாள் என்னுடையது என்பதையும் போக்கிவிடுகின்றது. இரத்தினகீர்த்தி இதனை அறியாதவரல்லர். ‘நான்’ எஞ்சாத அத்துவைதமே அவர் வேண்டிய முடிவு. ஆகவே அவரைத் தன்னுளவாதி என்பது பொருந்தாது. தன்னுளவாதத்தை யாவரினும் ஆழமாக வாதித்த ஒருவர், அதனைக் கூறுவதற்கே இடமில்லை எனத் தம்மையறியாமலன்றி அறிந்தே காட்டிவிட்டார் என்பேன். 1921இல் விட்கென்ஸ்ரைன் தம் முதல் நூலில், இறுதிவரை சிந்தித்தால் தன்னுளவாதம் தூய மெய்ம்மைவாதத்தோடு ஒன்றிவிடும் எனக் கண்டமையும் இங்கு ஒப்பிடத்தக்கது.

(தாம் தன்னுளவாதி என்றும் ஏனையோரும் அவ்வாறிராதது வியப்பே என்றும் அளவையியலாளர் கிறிஸ்ரின் லாட்-பிராங்க்ளின் தமக்கெழுதியதை ரஸல் 1948இற் பதிவுசெய்தார். சிரிப்புக்குரியதாயினும் செய்தி அதுவேதான்.)

இருவருக்கும் பொதுவான ஓர் எடுகோளே விமரிசனத்துக்குரியது. முதலில் என் உள்ளம் எனக்கு ஐயமறத் தரப்பட்டுள்ளது; பிறருடையது பின்னர்ச் சேர்க்கப்பட வேண்டியது என்பதே அது. 1845–46இல் எழுதிய ‘ஜேர்மன் கருத்தியல்’ நூலில் மார்க்ஸும் ஏங்கெல்ஸும் இவ்வரிசையையே மறுத்தனர். மொழி பிறருக்காக இருப்பதனாலேயே எனக்காகவும் இருக்கும் நடைமுறை உணர்வு என்பது அவர்தம் கருத்து. ‘வலி’ என்னும் சொல்லை நான் என்னுள் நோக்கிக் கற்கவில்லை. விழுந்து அழுத என்னைத் தூக்கியவர் வாயிலிருந்து கற்றேன். என் வலியை வலியென நான் அறிவதிலேயே பிறர் ஏற்கெனவே உளர். அவர்களை அநுமானித்துப் பெறவேண்டிய தேவை எழவில்லை. ஆதலால் அநுமானம் வீழ்ந்தமையால் அவர்களும் வீழவில்லை.

இரத்தினகீர்த்தியின் ஆதரவாளர், அவர் மறுத்தது பரமார்த்த நிலையிலேயே, வியவகாரத்திற் பிறர் உளர் எனலாம். இவ்விரு நிலைப் பாகுபாடே எனக்கு ஏற்புடையதன்று. அடிபட்டவனின் வலியை வியவகாரத்துக்கு ஒதுக்கிவிட்டு மெய்ம்மையைத் தனியே பேசும் மெய்யியல், அவ்வலியை ஐயுறுவோருக்கு முன்னரே இடமளித்துவிடுகின்றது. தர்மகீர்த்தி இதற்கு அஞ்சினார். ஆனால் அவரும் தம் நூலின் இறுதியில், புத்தர் பிறருள்ளத்தை எவ்வாறு அறிகின்றார் என்னும் வினாவை எதிர்கொள்ளுமிடத்து, அது நம் சிந்தனைக்கு எட்டாதது என்று கூறி நிறுத்திக்கொள்கின்றார். பிறர் துயரைத் தன்னுள் எழும் படிமமாகவே அறியமுடியும் எனத் தொடங்கியவருக்கு அவ்விடத்தில் வேறு விடை கிடைத்திருக்கவும் முடியாது.