வட்ட அரங்கும் நாடக வடிவமும்: ஆலன் எய்க்போர்னின் நாடகங்களை முன்வைத்து

முன்னுரை

சமகால ஆங்கில நாடக உலகில் எழுத்தையும் நெறியாள்கையையும் ஒருசேர மேற்கொண்டவர்களுள் ஆலன் எய்க்போர்ன் (பிறப்பு 1939) முதன்மையானவர். எண்பதுக்கும் மேற்பட்ட முழுநீள நாடகங்களை எழுதியுள்ளார். ஆயினும், நடுத்தர வர்க்கத்துக் குடும்பப் பூசல்களை நகைச்சுவையாகத் தருபவர் என்ற அளவிலேயே அவரை மதிப்பிடும் போக்கு நெடுங்காலம் நிலவியது. இம்மதிப்பீடு அச்சிட்ட பனுவலை மட்டும் சான்றாகக் கொள்வதால் நேர்ந்தது எனலாம். நெறியாளரை விலக்கிவிட்டு நாடகாசிரியரை மட்டும் வாசிக்கும்போது அவருடைய நாடக வடிவத்தின் அடிப்படையே மறைந்துவிடுகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஸ்கார்பரோவின் அரங்கு

யார்க்ஷயரின் கடற்கரை நகரான ஸ்கார்பரோவில், பொது நூலகக் கட்டடத்தின் மேல்தளத்தில் 1955ஆம் ஆண்டு ஸ்டீபன் ஜோசப் ஒரு வட்ட அரங்கைத் தொடங்கினார். 1957இல் மேடை நிர்வாக உதவியாளராகவும் நடிகராகவும் அக்குழுவில் சேர்ந்த எய்க்போர்ன், 1959இல் புனைபெயரில் தம் முதல் நாடகத்தை அங்கு அரங்கேற்றினார். 1972 முதல் 2009 வரை அவ்வரங்கின் கலை இயக்குநராகப் பொறுப்பு வகித்தார். அவருடைய நாடகங்களுள் பெரும்பாலானவை ஸ்கார்பரோவில் அரங்கேறிய பின்னரே இலண்டனுக்குச் சென்றன.

நாற்புறமும் பார்வையாளர் அமரும் அரங்கில் முன்திரை இல்லை. தீட்டிய காட்சித் திரைகளும் உயர்ந்த சுவர்களும் இல்லை. ஒரு மேசையும் சில நாற்காலிகளும் நடிகரின் நடத்தையுமே இடத்தை உணர்த்தவேண்டும். இக்கட்டுப்பாடே எய்க்போர்னின் வடிவச் சோதனைகளுக்கு வாய்ப்பாக அமைந்தது.

இடமும் காலமும்

1969இல் அரங்கேறிய 'ஹவ் தி அதர் ஹாஃப் லவ்ஸ்' நாடகத்தில் இரு குடும்பங்களின் வரவேற்பறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே மேடையில் அமைகின்றன. அடுத்தடுத்த இரு இரவுகளில் நடக்கும் இரு விருந்துகள் ஒரே நேரத்தில் காட்டப்படுகின்றன. இரண்டுக்கும் அழைக்கப்பட்ட தம்பதியர் சுழல் நாற்காலியில் திரும்பும்போதெல்லாம் வீடும் நாளும் மாறிவிடுகின்றன. உரையாடலில் சொல்லாமல், உடலசைவால் காலமாற்றத்தை உணர்த்தும் உத்தி இது.

1973இல் வெளிவந்த 'தி நார்மன் காங்க்வெஸ்ட்ஸ்' முந்நாடகத் தொகுதி, ஒரே வார இறுதியை உணவறை, வரவேற்பறை, தோட்டம் ஆகிய மூன்று இடங்களிலிருந்து காட்டுகிறது. 1999இல் 'ஹவுஸ்', 'கார்டன்' ஆகிய இரு நாடகங்களை ஒரே கட்டடத்தின் இரு அரங்குகளில் ஒரே நேரத்தில் ஒரே நடிகர்கள் நடித்தனர். ஓர் அரங்கிலிருந்து வெளியேறுபவர் மற்றோர் அரங்கில் நுழைகிறார். இங்கு நெறியாளரின் கடிகாரமே நாடகாசிரியரின் கதைப்பின்னலாகிறது.

பேசாத பாத்திரம்

பனுவல் வாசிப்பின் போதாமையை 1972இல் அரங்கேறிய 'அப்சர்ட் பர்சன் சிங்குலர்' தெளிவாகக் காட்டுகிறது. இரண்டாம் அங்கத்தில் ஈவா தன் சமையலறையில் மீண்டும் மீண்டும் தற்கொலைக்கு முயல்கிறாள். விருந்தினரோ அவள் அடுப்பைச் சுத்தம் செய்கிறாள், விளக்கைச் சரிசெய்கிறாள் என்று பிழைபடப் புரிந்துகொண்டு உதவ முன்வருகின்றனர். அங்கம் முழுவதும் ஈவா ஏறக்குறையப் பேசுவதே இல்லை. உரையாடலை மட்டும் தொடரும் வாசகருக்கு அவள் மேடைக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகிறாள். அரங்கிலோ அவளே மையம். வட்ட அரங்கில் ஒரு பார்வையாளர் ஈவாவைக் காணும்போது, அவளுக்கு அப்பால் சிரித்துக்கொண்டிருக்கும் எதிர்வரிசையினரையும் காண்கிறார். தம் சிரிப்பும் அவ்வாறே பார்க்கப்படுகிறது என்று உணரும் கணத்தில், விருந்தினரின் பாராமுகத்தில் தமக்கும் பங்குண்டு என்பது அவருக்குப் புலனாகிறது. எளிய நகைச்சுவை என்ற மதிப்பீடு இவ்விடத்தில் பொருந்தாது.

1985இல் அரங்கேறிய 'வுமன் இன் மைண்ட்' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தலையில் அடிபட்ட சூசன் காண்பதையும் கேட்பதையும் மட்டுமே பார்வையாளரும் காண்கின்றனர், கேட்கின்றனர். உண்மைக் குடும்பமும் கற்பனைக் குடும்பமும் ஒரே வெளியில் உலவுகின்றன. இறுதியில் அவள் மொழியே சிதைகிறது.

வரையறைகள்

எய்க்போர்னின் சமூகக் களம் குறுகியது என்ற விமர்சனத்தை முற்றிலும் மறுப்பதற்கில்லை. உழைக்கும் வர்க்கத்தினரின் வாழ்க்கை அவர் நாடகங்களில் மையம் பெறுவது அரிது. பதினாறு முடிவுகளைக் கொண்ட 'இன்டிமேட் எக்ஸ்சேஞ்சஸ்' (1982) போன்றவற்றில் வடிவ விளையாட்டு பாத்திரங்களின் ஆழத்தை விஞ்சுகிறது என்றும் வாதிடலாம். எனினும், 1987இல் நேஷனல் தியேட்டரில் மைக்கேல் காம்பன் நடிக்க ஆர்தர் மில்லரின் 'எ வியூ ஃப்ரம் தி பிரிட்ஜ்' துன்பியல் நாடகத்தை நெறிப்படுத்தி அவர் பெற்ற பாராட்டு, அவருடைய நெறியாள்கைத் திறன் நகைச்சுவைக்குள் மட்டும் அடங்குவதன்று என்பதற்குச் சான்றாகும்.

முடிவுரை

எய்க்போர்னின் நாடக வடிவம் எழுதும் மேசையில் மட்டும் உருவானதன்று. ஒரு குறிப்பிட்ட அரங்கின் அமைப்பு, நடிகர் எண்ணிக்கை, பார்வையாளரின் இருக்கை ஆகியவற்றிலிருந்து உருவானது. ஆகவே, நாடகப் பனுவலை ஆராய்வோரும் கற்பிப்போரும் யார் என்ன பேசுகிறார் என்பதோடு நின்றுவிடாமல், பேசாதவர் எங்கே நிற்கிறார், அவரை எந்தத் திசையிலிருந்து யார் பார்க்கிறார் என்றும் வினவவேண்டும். அவ்வினா எழாத வாசிப்பில் ஈவா போன்ற பாத்திரங்கள் நம் பார்வையிலிருந்தும் தப்பிவிடுவர்.