இளம்பூதியின் இல்லாள்

தத்துப் பிள்ளையைப் பற்றித் தமிழர் பாடியவற்றையும் நடித்தவற்றையும் ஒருங்கு வைத்துப் பார்க்குமிடத்து நமக்கு ஒரு குறை புலனாகிறது. பிள்ளையைப் பெற்றவளுக்கு அங்கே இடமுண்டு. அவளுடைய கண்ணீருக்கு இராகமும் உண்டு. எடுத்து வளர்த்தவளோ, பிறப்பின் இரகசியம் வெளிப்பட்ட கணத்திலேயே ஏட்டைவிட்டு மறைந்துபோகிறாள். இக்குறை நூலளவில் நின்றிருப்பின் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்போம். நமது லயத்து வாசலிலும் பட்டணத்துக் கலியாண வீட்டிலும் அதையே காண்கிறபடியால் இங்கே எழுத முற்பட்டோம்.

மணிமேகலையிலிருந்து தொடங்குவோம். காசியில் வேதம் ஓதுவிக்கும் அபஞ்சிகன் என்பானுடைய மனைவி சாலி, ஒழுக்கந் தவறி, அப்பழி தீரக் குமரியாடப் புறப்படுகிறாள். வழியில் ஓர் ஆண்மகவைப் பெற்று, அதை ஒரு தோட்டத்தில் இட்டுவிட்டுப் போய்விடுகிறாள். ஏழு நாள் ஒரு பசு அக்குழந்தைக்குப் பாலூட்டிக் காக்கிறது. அவ்வழியே வந்த வயனங்கோட்டு வேதியன் இளம்பூதி, அழுகுரல் கேட்டு நின்று, இது பசுவின் பிள்ளையன்று, தன் பிள்ளையே என்று கொண்டாடி எடுத்துச் செல்கிறான். எடுக்கும்பொழுது அவனுடைய மனைவியும் உடனிருக்கிறாள். இதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

பிள்ளை வளர்கிறான், ஓத வேண்டியவற்றையெல்லாம் ஓதுகிறான். ஒரு நாள் வேள்விக்கென்று கொம்பில் மாலை சுற்றிக் கட்டிவைத்த பசுவைக் கண்டு மனம் பொறாமல், நள்ளிரவில் அவிழ்த்துக்கொண்டு போகிறான். ஊரார் பிடித்து அடிக்கிறார்கள். பசுவின் மகன் என்று இகழ்கிறார்கள். அவன் அசரவில்லை. விலங்கின் வயிற்றில் பிறந்த முனிவர்களை வரிசையாக எடுத்துச் சொல்கிறான். அப்பொழுது, குமரிக்குப் போகும் சாலியை முன்பு வழியிற் கண்டிருந்த ஒருவன் எழுந்து இவனுடைய பிறப்பைச் சபையில் அவிழ்த்துவிடுகிறான். ஆபுத்திரன் சிரிக்கிறான். வசிட்டரும் அகத்தியரும் யார் வயிற்றுப் பிள்ளைகள் என்று திருப்பிக் கேட்கிறான். அந்தக் கேள்விக்கு அச்சபையில் விடையில்லை. ஆயினும் விடை தெரியாத சபைதான் அன்று வெல்கிறது. வளர்த்த தந்தையாகிய இளம்பூதியே அவனை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஊரார் அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இடுகிறார்கள்.

சீர்திருத்த மேடைகளில் இக்கதையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். பேச்சாளர்கள் ஆபுத்திரனுடைய வாதத்தைச் சொல்லிக் கைதட்டல் பெறுவார்கள். பிறகு ஒரே தாவாகத் தென்மதுரைக்குப் போய், சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் அவன் குருடர் செவிடர் முடவர்க்கு ஊட்டி எஞ்சியதை உண்டதையும், அமுதசுரபி பெற்றதையும் விரிப்பார்கள். இரண்டும் விரிக்கத் தக்கவையே. ஆனால் நடுவே ஒரு வீடு இருந்ததை எவரும் நின்று பார்ப்பதில்லை. குழந்தையை எடுத்தபோது இருவர் இருந்தார்கள். துரத்தியபோது ஒருவன்தான் இருக்கிறான். இளம்பூதியின் இல்லாள் எங்கே போனாள்? அவள் தடுத்தாளா? தானும் சேர்ந்து துரத்தினாளா? அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளா? சாத்தனார் வாளா விட்டுவிட்டார்.

இது புலவர் மறந்ததென்று நாம் சொல்லத் துணியோம். ஏனெனில் அதே காப்பியத்தின் பிற்பகுதியில் அவரே இக்கதையை மறுமுறை வேறுவிதமாகச் சொல்லிப் பார்க்கிறார். மழையின்றிச் சாவக நாட்டில் மக்கள் பசியால் மடிகிறார்கள் என்று கேட்டுக் கப்பலேறிய ஆபுத்திரன், இடையில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு உயிர் துறக்கிறான். மறுபிறப்பில் அச்சாவக நாட்டிலேயே பிறக்கிறான். சாவகம் என்பது இன்றைய ஜாவா என்பர் அறிஞர். மலாக்காக் கரையில் நின்று இதைப் படிக்கிற நமக்கு அது பக்கத்து வீட்டுச் செய்தி. அங்கேயும் அவன் தத்துப் பிள்ளைதான். பிள்ளையில்லாத பூமிசந்திர அரசன் அவனை முனிவனிடமிருந்து பெற்றுச் சென்று வளர்க்கிறான். அவன் புண்ணியராசனாக முடிசூடுகிறான். பின்னர், வளர்த்த அரசியாகிய அமரசுந்தரி வாயிலிருந்தே தன் பிறப்பைக் கேட்டறிகிறான். மனங் கலங்குகிறான், நாட்டைத் துறப்பேன் என்கிறான். ஆனால் இம்முறை எவரும் அவனைத் துரத்தவில்லை. அமைச்சன் போக வேண்டாமென்று மன்றாடுகிறான். முதற்பிறப்பில் உண்மையைச் சொன்னவன் வழிப்போக்கன். சொன்ன இடம் சபை. சொன்ன நோக்கம் இழிவுபடுத்தல். இரண்டாம் பிறப்பில் சொன்னவள் வளர்த்த தாய். நூலின் இந்த இரட்டை அமைப்பே நமது கட்டுரைக்கு உயிர்நிலை. வயனங்கோட்டில் மறைந்துபோனவளுக்கு நாகபுரத்து அரண்மனையில் சாத்தனார் வாய் கொடுத்தார் என்பது நமது துணிபு.

கர்ணன் கதைக்கு வருவோம். ஆற்றில் விடப்பட்ட குழந்தையைத் தேர்ப்பாகன் அதிரதன் எடுத்தான், ராதை வளர்த்தாள். பாரதப் போருக்கு முன் கண்ணன் வந்து, நீ குந்தியின் மூத்த மகன் என்று சொல்லி, அரசையே கொடுப்பதாகக் கூறியபோது, வியாசருடைய கர்ணன் சொன்ன மறுமொழியைப் படித்தவர்கள் அறிவார்கள். தன்னைக் கண்ட அன்பினால் ராதையின் மார்பில் பால் சுரந்ததையும், தன் மலஜலத்தை அவள் அள்ளியதையும் சொல்லி, அவளுக்கு நீர்க்கடன் செய்யும் உரிமையைத் தான் எப்படி அறுப்பது என்று கேட்கிறான். இதனினும் நேரான வாக்குமூலம் தத்துப் பிள்ளை ஒருவன் வாயிலிருந்து உலக இலக்கியத்தில் வந்திருக்குமா என்பது ஐயமே. நமது கூத்துக்காரர்களோ இதை ஓரமாகத் தள்ளிவிட்டு, களத்தில் வீழ்ந்த கர்ணனை மடியிற் கிடத்திக் குந்தி புலம்புகிற புலம்பலைத்தான் விடிய விடிய இழுக்கிறார்கள். ஜனங்களும் தேம்பி அழுகிறார்கள். மலஜலம் அள்ளியவள் அக்காட்சியில் இல்லை.

இந்நோய் தமிழர்க்கு மட்டும் உரியதென்று எவரும் எண்ணற்க. ஆங்கிலப் பள்ளியிற் படித்த நாம் ஆபுத்திரனை அறியுமுன் ஆலிவர் டுவிஸ்டைத்தான் அறிந்தோம். டிக்கன்ஸ் அந்த அநாதைச் சிறுவனுக்காக நம்மை அழவைத்தார். ஆனால் கடைசியில் அவனைக் கௌரவமான ஒரு குடும்பத்து இரத்தமென்று காட்டிய பிறகே அவருக்கு மனம் ஆறிற்று. இதற்கு நேர்மாறாக, ஜார்ஜ் எலியட் என்னும் புனைபெயர் பூண்ட அம்மையார் 1861-இல் வெளியிட்ட ‘சைலஸ் மார்னர்’ என்னும் நாவலில், செல்வனாகிய பெற்ற தகப்பன் பதினாறு ஆண்டு கழித்து வந்து அழைக்கும்போது, எப்பி என்ற பெண் தன்னை வளர்த்த ஏழை நெசவாளியை விட்டு வர மறுத்துவிடுகிறாள். பள்ளியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த நூல்தான். அதன் அருமை, கிராணி உத்தியோகத்தில் ஏறிய பின்புதான் நமக்கு உறைத்தது.

நமது காலத்துத் தமிழில் இவ்விஷயத்தைத் துணிந்து எடுத்தது ஒரு திரைப்படம். சுஜாதாவின் ‘அமுதாவும் அவனும்’ என்ற சிறுகதையை அடியாகக் கொண்டு மணிரத்னம் 2002-இல் எடுத்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ அது. அகதி முகாமில் பெற்றவள் விட்டுச்சென்ற ஈழத்துக் குழந்தையைத் தத்தெடுக்க ஓர் எழுத்தாளன் விரும்புகிறான். மணமாகாதவனுக்குக் குழந்தையைத் தருவதில்லை என்கிறார்கள். அக்குழந்தையின்பொருட்டே அவன் இந்திராவை மணக்கிறான். வளர்த்தவள் தன் பயத்தோடும் கோபத்தோடும் கடைசிவரை திரையை விட்டு அகலாமல் நிற்கிறாள். இதற்காக அப்படத்தை எத்துணைப் பாராட்டினும் தகும். ஆயினும் ஒரு குற்றம் சொல்லாமல் விட இயலாது. அமுதாவின் ஒன்பதாம் பிறந்த நாளன்று, அதுவரை மறைத்துவைத்த உண்மையைத் தகப்பன் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறான். கதைக்கு அது வேண்டியிருந்தது, வாழ்க்கைக்கு ஆகாது. குழந்தை பேச்சுப் பழகும் நாளிலிருந்தே, தாலாட்டோடு தாலாட்டாக, சிறிது சிறிதாகச் சொல்லிவர வேண்டும் என்பதே இன்று குழந்தை நலம் அறிந்தோர் கொள்கை. ஒருநாட் செய்தியாக வந்தால் அது இடி. அமரசுந்தரியும் இங்கே சற்றுத் தாமதித்தவளே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தத்துப் பிள்ளைக் கதைக்கு மலாயாத் தமிழரிடம் உள்ள சரக்கு வேறெந்தத் தமிழரிடமும் இல்லை. யுத்தத்துக்கு முன்னும் பின்னும், வறுமையாலோ, பெண்ணாய்ப் பிறந்ததாலோ, ஜாதகம் ஆகாதென்ற நம்பிக்கையாலோ, சீனக் குடும்பங்கள் தம் பெண் குழந்தைகளைத் தமிழர் வீடுகளில் கொடுத்தார்கள். அக்குழந்தைகள் தமிழ்ப் பெயர் பூண்டு, மஞ்சள் பூசி, பூ முடித்து, தீமிதிக்கும் காவடிக்கும் விரதமிருந்து, தமிழரையே மணந்து, இன்று பாட்டிமாராய் இருக்கிறார்கள். கண்ணைப் பார்த்தால் சீனம். வாயைத் திறந்தால் தோட்டத்துத் தமிழ். சயாம் மரண இரயிலுக்கு ஆட்களைப் பிடித்துச் சென்ற காலத்தில் தாய் தகப்பனை இழந்த தமிழ்க் குழந்தைகளையும் அடுத்த வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். போருக்குப் பிறகு சுவாமி சத்தியானந்தரின் சுத்த சமாஜம் போன்றவை ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தன. ஆயினும் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்தது லயத்துக் கதவுகளே. பத்திரமில்லை, சாட்சியில்லை, ஒரு பிடி அரிசி கூடுதலாக உலையில் விழுந்தது, அவ்வளவே.

பத்திரமில்லாமற்போனதுதான் பின்னால் வினையாயிற்று. சட்டமோ 1952 முதலே இருக்கிறது. 257-ஆம் எண் தத்தெடுப்புச் சட்டத்தின்படி, குழந்தை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து தம் பராமரிப்பில் இருந்த பின், முஸ்லிமல்லாதார் நீதிமன்ற ஆணை பெறலாம். புதிய பிறப்புப் பத்திரத்தில் பெற்றோர் இடத்தில் எடுத்தவர்களின் பெயரே வரும். 253-ஆம் எண் சட்டம், இரண்டாண்டு வளர்த்தவர்கள் பதிவிலாகாவில் தத்தைப் பதிந்துகொள்ள வழி செய்கிறது. 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டமோ, கைவிடப்பட்ட குழந்தையை இரண்டாண்டுவரை வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதற்குள் பெற்றவர் வந்து கேளாவிடின், வளர்த்தவர்கள் தத்துக் கோரலாம். இவ்வளவும் நன்றே. ஆனால் எடுத்தவர்கள் குடிமக்களாயிருப்பினும், குடியுரிமை என்று வரும்பொழுது அதிகாரிகள் பெற்றவள் யார் என்றே கேட்கிறார்கள். விடை தெரியாத பிள்ளை நீல அடையாளக் கார்டின்றி வளர்கிறது. பெற்றோர் இன்னாரென்றே அறியப்படாத, கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளை சட்டத்தின்படியே குடிமகன் என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஒரு குழந்தைக்காக மூன்றாம் நீதிமன்றப்படி ஏற எத்தனை குடும்பத்தால் முடியும்?

அதிகாரிகளைக் குறை கூறும் நாமும் யோக்கியர்களல்லோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாம் எழுத்து வேலை பார்த்தபொழுது, ஒரு தொழிலாளி தன் ஏழு வயதுப் பையனை வைத்தியச் சலுகைப் பட்டியலிற் சேர்க்க வந்தாள். படிவத்தில் உறவு என்று ஒரு கட்டம். ஆபீசில் பத்துப் பேர் நிற்கையில், “சொந்தப் பிள்ளையா, எடுத்த பிள்ளையா?” என்று உரக்கக் கேட்டுவிட்டோம். கேட்டது கடமை, உரக்கக் கேட்டது அகம்பாவம். அவள் தாழ்ந்த குரலில், “கிராணி ஐயா, இவனுக்கு இழுப்பு வந்தா ராத்திரி பூரா உக்காந்திருக்கிறவ நான். அத எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?” என்றாள். பையன் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்தபடி எம்மையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மாலை பந்து விளையாடும் திடலில் மற்றப் பிள்ளைகள் அதே கேள்வியை அதே தொனியில் அவனிடம் கேட்டார்கள். பாத்திரத்தில் கல்லிட்டவர் யாரென்று இளம்பூதியின் ஊரில் போய்த் தேட வேண்டியதில்லை.

ஆகவே, இந்நாட்டு எழுத்தாளர்களிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெற்றவளைத் தேடிப் போகிற கதைகள் போதிய அளவு வந்துவிட்டன. பாச்சாங்கிலும் சுற்றுத் தோட்டங்களிலும், சீனக் குழந்தையைத் தமிழாக வளர்த்த மூதாட்டிகள் சிலரேனும் இருப்பார்கள்; அவர்களிடம் போய் உட்காருங்கள். இன்னின்ன நாளில் பால்மா எங்கே கடன் வாங்கினாள், பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுக்கும்பொழுது என்ன பொய் சொன்னாள், பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன கேட்டார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கூத்துக் குழுவினர் குந்தியின் புலம்பலில் ஒரு நாழிகையைக் குறைத்து, அதை ராதைக்குக் கொடுக்கட்டும். பழங்கதையே வேண்டுமென்பவர்கள் வயனங்கோட்டுக்குத் திரும்பட்டும். ஊர் அடித்து முடித்த பின் அந்தப் பையன் வாசலுக்கு வந்திருப்பான் அன்றோ? கணவன் போ என்று சொல்லிவிட்டான். அவள் அன்றிரவு பின்கதவைத் தாழிட்டாளா, திறந்து வைத்தாளா என்பதை ஒருவர் எழுதட்டும்.