பேசாலைக்கு வந்த திறப்பு

“வந்திட்டுது!” என்று நான் போட்ட சத்தத்தில், பக்கத்து வளவில் கருவாட்டை மூடிக்கொண்டிருந்த மாமி, கடலுக்குப் போன ஆட்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நெஞ்சில் கைவைத்தபடி ஓடி வந்துவிட்டா. மெயில் மாமி, மெயில் வந்திருக்கு! ஜெட்பிரெயின்ஸ் கம்பனியின் நிரலாக்க மென்பொருள் அத்தனையையும் ஒரு வருசத்துக்கு ஒரு சதமும் கட்டாமல் நான் பாவிக்கலாம் என்ற மெயில். அவவுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது? சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அந்த நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2023. டொலர் 300 ரூபாவை அண்டிய காலம். அந்தக் கம்பனியின் இன்டெலிஜே ஐடியா என்ற மென்பொருளின் அல்டிமேட் பதிப்புக்குத் தனியாள் ஒருவர் முதல் வருசம் கட்டவேண்டியிருந்தது 169 டொலர். எங்கள் காசுக்கு ஐம்பதாயிரம். எல்லா மென்பொருளும் சேர்ந்த பொதி என்றால் 289 டொலர். மண்ணெண்ணெய்க் காசும் ஐஸ் காசும் கழிந்து, பங்காளிகளின் பங்கும் போய் அப்பா வீட்டுக்குக் கொண்டுவருகிற காசில் இதை எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை. யாரோ உடைத்த பதிப்பு ஒன்றைக் கடையொன்றில் பென்டிரைவில் வாங்கி வந்து போட்டேன். மூன்றாம் வாரமே வைரஸ் என் ஒரு செமஸ்டர் வேலையை முழுசாகத் தின்றுவிட்டது. அந்த வயிற்றெரிச்சலைப் பட்டவனுக்குத்தான் இந்த மெயிலின் ருசி தெரியும்.

வழியைக் காட்டியது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு சீனியர் அக்கா. எங்கள் வவுனியாப் பல்கலைக்கழகம் மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஓகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமானது. வெள்ளிக்கிழமை பேசாலை வீட்டுக்குத் திரும்பும் பஸ், பறையனாலங்குளம் கழிந்து முருங்கனை நோக்கிப் பறக்கிறது, ஜன்னலால் அனல் காற்று அடிக்கிறது, அக்கா கேட்கிறா: “தம்பி, கம்பஸ் மெயிலை வைச்சுக்கொண்டு என்னடா செய்யிறாய்? ஏசி டாட் எல்கே எண்டு முடியிற முகவரிக்கு என்ன மதிப்பெண்டு தெரியுமா உனக்கு?” தெரியாது! விரிவுரை நேரம் மாறினால் அறிவித்தல் வருகிற பெட்டி என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அந்த முகவரி இருந்தால் ஜெட்பிரெயின்ஸ் மாணவருக்கு எல்லாவற்றையும் இலவசமாகத் தரும் என்று அக்கா சொன்னா. பாலம் கடந்து மன்னார்த் தீவுக்குள் நுழைந்து, மன்னார் ரவுணில் ரோட்டை மறித்து நின்ற கழுதைகளுக்காக பஸ் காத்து நின்றபோது, இறங்கி ஓடிவிடலாமா என்று எனக்கு இருந்தது.

அன்றிரவே விண்ணப்பித்தேன். ஃபோனை ஜன்னல் கம்பியில் கொழுவி ஹொட்ஸ்பொட் போட்டேன். பெயர், பல்கலைக்கழக மெயில் முகவரி, அந்த மெயிலுக்கு வருகிற இணைப்பை ஒரு தட்டு, நிபந்தனைகளுக்குச் சம்மதம். அவ்வளவுதான்! வங்கி அட்டை இலக்கத்தைக் கேட்கவே இல்லை. பல்கலைக்கழக மெயில் இல்லாதவர்கள் மாணவர் என்பதற்கு ஆவணம் காட்டியும் விண்ணப்பிக்கலாம்.

பிறகு இன்டெலிஜேயைத் திறந்தேன் பாருங்கள்! என் பாடநெறி வேலை, அப்பாவின் படகுக் கணக்கு: அன்றைய மீன், அன்றைய செலவு, ஆளுக்கு எவ்வளவு பங்கு. ஜாவா மொழியில் ஸ்பிரிங் என்ற சட்டகத்தை வைத்து எழுதத் தொடங்கியிருந்தேன். கீழே நீலக் கோடு ஓடி முடிகிறது, என் கோட் முழுவதையும் அது வாசித்துவிட்டது, சிவப்பாகக் கிடந்த சொல்லில் ஓல்ட்டையும் என்டரையும் சேர்த்துத் தட்டுகிறேன், விடுபட்ட இம்போர்ட் வரி தானாக மேலே போய்க் குந்துகிறது, ஒரு இடத்தில் பெயரை மாற்றுகிறேன், அது பாவித்த எல்லாக் கோப்பிலும் மாறுகிறது, பக்கத்திலேயே டேட்டாபேஸ் அட்டவணை விரிகிறது, இலவசக் கொம்யூனிட்டி பதிப்பில் நான் காணாத ஜன்னல் அது, பங்கு பிழையாக வருகிற வரியில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கிறேன், ஓடின புரோகிராம் அந்த வரியில் அப்படியே நிற்கிறது, எண்ணெய்ச் செலவை இரண்டு தரம் கழித்திருக்கிறேன் என்று என் கண்ணுக்கு முன்னாலேயே காட்டுகிறது! இரண்டு கிழமையாக நித்திரை கெட்டுத் தேடின பிழை! வெளியே சோளகம் பனை ஓலையைப் பிய்க்கிறது, கரையில் காற்றாலைகள் சுழல்கின்றன, பிராக் நகரத்தில் ஒரு பொறியியலாளர் கையில் இருக்கிற அதே சாமான் பேசாலை விறாந்தையில் என் மடியில் இருக்கிறது. எழும்பி முற்றத்தை மூன்று தரம் சுற்றி ஓடினேன். அப்பா எழும்பி வந்தார். கொப்பியை எடுத்து ஒவ்வொரு நாளாக ஒத்துப் பார்த்தார். “சரியாத்தான் கிடக்கு,” என்றார். அப்பா வாயால் அது பெரிய பாராட்டு.

இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. இதே ஜெட்பிரெயின்ஸ் 2011 இல் வெளிப்படுத்திய கோட்லின் மொழியை 2017 இல் கூகுள் அன்ட்ரொயிட்டுக்கு ஏற்றுக்கொண்டது. கோட்லின் என்றால் என்ன தெரியுமா? பின்லாந்து வளைகுடாவில் இருக்கிற ஒரு தீவு! ஜாவாவும் தீவின் பெயர்தான், கோப்பி வழியாக வந்தது. தீவுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்த கிழமையே கோட்லின் படிக்கத் தொடங்கினேன்.

குறை இல்லையா? 4 ஜிபி லப்டொப்பில் கொஞ்சம் மூச்சு வாங்கும். 8 ஜிபி ஆக்கினேன், பறக்கிறது. வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும்; படிக்கிற காலம் வரை இலவசம்தானே. வியாபாரத்துக்குப் பாவிக்கக்கூடாது, அது நியாயம்.

கிட்ஹப் தளம் 2014 இலிருந்து தருகிற இலவச மாணவர் பொதியையும் விடாதீர்கள். 13 வயது கடந்த பள்ளிப் பிள்ளைகளும் அதற்கு விண்ணப்பிக்கலாம். தலைமன்னார், எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு, நானாட்டான் தம்பி தங்கச்சிகளே, உடைத்த பதிப்பைத் தேடிக் கடைக்குப் போகாதீர்கள். கம்பஸ் மெயிலின் பாஸ்வேர்ட் மறந்துபோயிருந்தால் திங்கட்கிழமை காலையே போய் மாற்றி எடுங்கள், அன்றிரவே விண்ணப்பியுங்கள்.