முரண்டு பிடிக்கும் பூட்டு

கவனச் சிதறலைத் தடுக்கும் மென்பொருள்களில் ரசிக்கத்தக்கது அவற்றின் பிடிவாதம்தான். மேக் கணினிக்கான செல்ஃப்கன்ட்ரோலை ஓடவிட்டால், குறித்த நேரம் தீரும்வரை தடுத்த தளங்கள் திறக்காது. கணினியை அணைத்துப் போட்டாலும் சரி, செயலியையே அழித்தாலும் சரி. இதற்கு வித்திட்ட ஸ்டீவ் லாம்பர்ட் ஒரு கலைஞர் என்பதில் வியப்பில்லை.

லீச்பிளாக்கின் குறும்பு வேறு ரகம். பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் இந்த இலவசக் கருவியில், தடையைத் தளர்த்தப் போகும்போது அர்த்தமில்லாத எழுத்துக் கோவை ஒன்றைக் காட்டி, அப்படியே தட்டச்சு செய்யச் சொல்லும்படி முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். 128 எழுத்து என்று வைத்தால், பாதி தட்டுவதற்குள் ஆசையே வடிந்துவிடும். கடவுச்சொல்லைவிட இந்தச் சலிப்பு வலுவான காவல்!

நாவலாசிரியர் ஸேடி ஸ்மித், 2012-ல் வெளியான தன் ‘என்டபிள்யூ’ நாவலின் நன்றியுரையில் செல்ஃப்கன்ட்ரோலையும், அதேபோன்ற ஃப்ரீடம் என்ற மென்பொருளையும் சேர்த்தார்.

சுந்தரபாண்டியத்திலோ ராஜபாளையத்திலோ குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவரின் சிக்கல் இன்னும் நுட்பமானது. பாடமும் யூடியூபில், பொழுதுபோக்கும் அதே யூடியூபில். ஆண்ட்ராய்டின் ஃபோகஸ் மோட் செயலியை முழுதாக நிறுத்திச் சாம்பல் நிறமாக்கிவிடும். இன்ஸ்டாகிராமுக்கு அது சரி, யூடியூபுக்குச் செய்தால் வகுப்பும் போச்சு. கணினி பிரவுசர் என்றால் அதில் சேர்த்துக்கொள்ள அன்ஹுக் என்ற கருவி இருக்கிறது. பரிந்துரைகளையும் ஷார்ட்ஸையும் மறைத்துவிட்டு, தேடிய வகுப்பை மட்டும் விட்டுவைக்கும். செல்போனின் யூடியூப் செயலியில்தான் அதன் ஜம்பம் சாயாது.